சம்பந்திகளின் மிட்பாயிண்ட்

“நீங்களும் இங்க வர வேணாம்ப்பா, மாமாவும் அங்க வர வேணாம். ரெண்டு பேரும் மிட்பாயிண்ட்ல மீட் பண்ணுங்க” என்றாள் வினோதினி போனில்.

ராமகிருஷ்ணனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாயில் இட்லி இருந்தது ஒரு காரணம். அந்த இங்கிலீஷ் வார்த்தை இன்னொரு காரணம்.

“நல்ல யோசனைதாம்மா. கொஞ்சம் கலந்து பேசிட்டுச் சொல்றேன்” என்று போனை வைத்தார். கையைக் கழுவிக்கொண்டு நேராக லாட்ஜ் கவுண்டருக்கு வந்தார். திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குப் பின்னால் மூன்று மாடியில் நிற்கும் லாட்ஜ் அவருடையது. வீடு அதை ஒட்டினாற்போல. அன்றைக்குப் பௌர்ணமி என்பதால் மேனேஜர் விஸ்வநாத் காலையிலிருந்தே சாவி கொடுத்துக் கொடுத்துக் களைத்திருந்தான்.

“விஸ்வநாத், இந்த மிட்பாயிண்ட்னு சொல்றாங்களே, அதுக்கு கரெக்டா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்.”

“நம்ம லிஃப்ட் மேல போறப்ப ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும் பாருங்க சார், அந்த எடம். கல்யாணத்தன்னிக்கு உங்க சம்பந்தி மாட்டிக்கிட்டாரே, அதேதான்.”

அர்த்தம் நன்றாகப் புரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்தது.

ஏனென்றால் வினையெல்லாம் அந்த லிஃப்டில்தான் ஆரம்பித்தது. வைகாசியில் வினோதினிக்கும் கீழ்பென்னாத்தூர் பிரகாஷுக்கும் கல்யாணம். முகூர்த்தம் லாட்ஜின் கீழ் ஹாலில். மாப்பிள்ளை வீட்டாருக்கு மேல் மாடியை ஒதுக்கியிருந்தார் ராமகிருஷ்ணன். மாப்பிள்ளையின் அப்பா சக்திவேலுக்கு மூட்டு வலி. படி ஏற மாட்டார். ஆகவே முகூர்த்தத்துக்கு முன்னால் ரூமிலிருந்து எதையோ எடுக்க லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் நடுவில் நின்றது. கெட்டிமேளச் சத்தம் கீழே கேட்கிறது, பட்டு வேட்டியோடு சக்திவேல் அந்தரத்தில் நிற்கிறார். ஆட்கள் கதவை நெம்பி அவரை வெளியே இழுத்தபோது தாலி கட்டி முடிந்து, எல்லோரும் அட்சதையைத் தலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே உங்க ஊர்ல காலு வெச்சா நான் சக்திவேல் இல்ல” என்றார் அவர்.

அதோடு போயிருந்தால் ராமகிருஷ்ணன் மன்னிப்புக் கேட்டிருப்பார். மறுவீட்டு விருந்துக்குக் கீழ்பென்னாத்தூர் போனபோது, பந்தியில் அவருடைய இலைக்கு மட்டும் வடை வரவில்லை. இந்தப் பக்கத்து இலையில் வடை, அந்தப் பக்கத்து இலையில் வடை. நடுவில் இவர். மறந்துபோனார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். லிஃப்டை மறக்காதவர்கள் வடையை மட்டும் எப்படி மறப்பார்கள் என்பது இவருடைய கேள்வி.

“இனி அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று இவரும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆடி பிறக்கும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அன்று ஆனி கடைசி நாள். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் வரிசைத் தட்டோடு போய் அழைத்து வர வேண்டும். விளக்கு வைப்பதற்குள் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போக வேண்டியவர் வாசல்படி மிதிக்க மாட்டார். கொண்டுவந்து விடலாம் என்றால் சம்பந்தி இந்த ஊரிலேயே கால் வைக்க மாட்டார்.

“மாப்ளயே பைக்ல கொண்டாந்து விட்டுட்டுப் போகட்டுமே” என்றாள் மனைவி தங்கம்மாள்.

“பொண்ணு என்ன கொரியரா? பெரியவங்க கையால தட்டு மாத்திக் கூட்டினு வரணும்.”

 ஒரே மகள். அவள் போனதிலிருந்து வீட்டில் டி.வி. சத்தம்கூடச் சரியாகக் கேட்பதில்லை. லாட்ஜ் கவுண்டரில் அவள் உட்காரும் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் செய்தித்தாள் அடுக்கி வைத்திருந்தார். எப்படிப்பட்ட பெண். செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறி, சோமாசிபாடி முருகனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வருவாள். படிப்பு முடித்த நாளாக நடந்த வேண்டுதல் அது. அதனால்தான் தரகர் ஏழுமலை ஒரே ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்தார், அது அப்படியே பொருந்தியது.

அந்த ஏழுமலையை நினைத்தாலே ராமகிருஷ்ணனுக்கு ஒரு மரியாதை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். அநாவசியப் பேச்சு கிடையாது. தங்கம்மாள் கொடுத்த காபியை அவர் ஆற்றிய அழகை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டம்ளர் தலைக்கு மேலே, டபரா இடுப்புக்குக் கீழே, ஒரு சொட்டு சிந்தவில்லை. ஜாதகத்தைப் பிரித்து வைத்த நேரம் பார்த்து அவருடைய செல்போனில் சேவல் கூவியது.

“முருகனே சம்மதம் சொல்லிட்டாரு” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் தங்கம்மாள்.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். பாதி வழிக்கு வா என்று தமிழில் சொன்னால் சண்டைக்குக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. நான் பாதி வழி வருகிறேன் என்றாலோ இறங்கிப் போவதுபோல இருக்கிறது. அதையே மிட்பாயிண்ட் என்று சொல்லிப் பார்த்தார் ராமகிருஷ்ணன். இரண்டு கம்பெனி முதலாளிகள் ஒப்பந்தம் போடுவதுபோலக் கம்பீரமாக இருந்தது. அவருக்கு வார்த்தை மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்த அரை மணியில் அதை அவர் வைக்காத இடமில்லை. தங்கம்மாளிடம் காபி சூடாகவும் வேண்டாம், ஆறியும் வேண்டாம், மிட்பாயிண்டில் வேண்டும் என்றார். வாடகையைக் குறைக்கச் சொன்ன சென்னைக்காரரிடம், “நீங்க சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம், மிட்பாயிண்ட்டுக்கு வாங்க” என்றார். அவர் வந்தார். வார்த்தை வேலை செய்கிறது என்ற தைரியத்தில் சம்பந்திக்குப் போன் போட்டார்.

“சம்பந்தி, ஒரு மிட்பாயிண்ட் பத்திப் பேசலாம்னு கூப்பிட்டேன்.”

“நானும் அதைப் பத்திப் பேசத்தான் போனை எடுத்தேன்” என்றார் சக்திவேல். அன்று காலை பிரகாஷ் அவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருந்தான் என்பது ராமகிருஷ்ணனுக்குத் தெரியாது.

“சோமாசிபாடி பக்கத்துல புங்கமரத்தடியில ஒரு டீக்கடை இருக்குதாம். பத்து மணிக்கு அங்க வெச்சிக்கலாம், அதான் கரெக்டா நடுவுலன்னு உங்க மருமவ சொல்றா.”

“எம் பையனும் அதே கடையைத்தான் சொல்றான். செவ்வாக்கெழம தவறாம உரக் கம்பெனி மீட்டிங்குனு அந்தப் பக்கம் போறவனாச்சே, அவனுக்கு எடம் அத்துப்படி.”

 அவருடைய பையன் சொல்கிற இடம் என்றால் அது அவர்களுக்குச் சாதகமான இடமாகத்தான் இருக்கும் என்று ராமகிருஷ்ணன் நினைத்தார். மருமகள் என்றாலும் அவள் லாட்ஜ்காரர் பெண்தானே என்று சக்திவேல் நினைத்தார்.

“எதுக்கும் ஒரு தடவ அளந்துடலாம்” என்றார்கள் இருவரும்.

“எங்க லாட்ஜ் வாசல்லேருந்து உங்க வீட்டு வாசல் வரைக்கும்” என்றார் ராமகிருஷ்ணன்.

“வீட்ல நான் எங்க இருக்கேன்? மல்லாட்டக் கொல்லையில களை எடுத்துனு இருக்காங்க. அங்கருந்துதான் கெளம்புவேன்.”

வேர்க்கடலை போட்டிருந்த அந்த மல்லாட்டைக் கொல்லை கீழ்பென்னாத்தூரைத் தாண்டி, செஞ்சி போகும் பக்கம் உள்ளே தள்ளி இருந்தது. ராமகிருஷ்ணன் கவுண்டர் மேல் ரூம் சாவிகளை வரிசையாக வைத்துக் கணக்குப் பார்த்தார். அந்தக் கோடியில் ஒரு சாவி கூடினால் நடுச்சாவி அந்தப் பக்கம் நகர்கிறது. இவர் ஜாஸ்தி தூரம் போக வேண்டும், அவர் கம்மியாக வருவார்.

“பௌர்ணமியாச்சே சம்பந்தி. கிரிவலம் முடிச்சிட்டுத்தான் நான் கெளம்புவேன். அந்தத் தூரத்தையும் சேத்துக்கணும்.”

“மலைய சுத்தினா கெளம்புன எடத்துக்கேதானே வந்து நிப்பீங்க?”

“நான் நின்னா என்ன? காலு நடந்தது நடந்ததுதானே?”

 விஸ்வநாத் மலைக்கு ஒரு பேப்பர்வெயிட்டை வைத்து, அதைச் சுற்றிச் சாவிகளை அடுக்கிப் பார்த்தான். நடுச்சாவி திருவண்ணாமலை எல்லைக்குள்ளேயே வந்து விழுந்தது.

“சார், இந்தக் கணக்குப்படி அவரு உங்க ஊர்ல கால் வெச்சாகணும்.”

“வெக்கட்டுமே” என்றார் ராமகிருஷ்ணன்.

சக்திவேல் சும்மா இருப்பாரா? மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து வருவதாகச் சொன்னார். ராமகிருஷ்ணன் உடனே செங்கத்தில் இருக்கும் அக்காவை நினைவுபடுத்திக்கொண்டார். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வரிசைக்கு அழகு. சக்திவேலுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு சித்தப்பா முளைத்தார். இவர் தருமபுரிக்குப் போனார். அவர் திருப்பதியில் முடி இறக்க வேண்டியதே பாக்கி இருப்பதாகச் சொன்னார். பத்து மணி எப்போதோ தாண்டிவிட்டது. இருவரும் போனைப் பிடித்த இடத்தைவிட்டு நகரவில்லை.

தங்கம்மாள் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்பிடியே போனா சாயங்காலத்துக்குள்ள அவரு காசியில இருப்பாரு, நீங்க ராமேஸ்வரத்துல இருப்பீங்க. எம் பொண்ணு மட்டும் பெட்டியக் கட்டி வெச்சினு அங்கயே உக்காந்திருப்பா.”

ராமகிருஷ்ணன் சாவிகளைப் பார்த்தார். செய்தித்தாள் அடுக்கிய நாற்காலியைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் வடை வராத அந்த இலை கண்முன்னால் வந்து நின்றது. மனிதனுக்கு மகள் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் சில இலைகளை மறக்க முடிவதில்லை.

“நான் சொல்லி அவரு கேக்க மாட்டாரு, அவரு சொல்லி நான் கேக்க மாட்டேன். தரகர் ஏழுமலை சொன்னா கட்டுப்படறேன்” என்றார்.

சக்திவேலும் ஏழுமலை என்றால் சம்மதம் என்றார். அவர் வீட்டிலும் அந்த மனிதர் காபி ஆற்றியிருந்தார்.

ஏழுமலை போனை எடுக்கவே நேரமானது. எடுத்த பிறகும் பின்னால் ஏதோ புஸ்ஸென்று கொதிக்கும் சத்தத்தில் குரல் சரியாகக் கேட்கவில்லை.

“ஐயோ முதலாளி, நான் அந்தத் தொழிலை விட்டுட்டேங்க.”

“தொழிலை விட்டாலும் நாங்க உங்களை விட மாட்டோம். ஒரு வார்த்த சொல்லுங்க.”

 ஏழுமலை சொன்னார். “அளக்கறதே வேணாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அவங்கவங்க வாசல்லேருந்து கெளம்புங்க. எங்க எதிரும் புதிருமா பாத்துக்கறீங்களோ, அதான் மிட்பாயிண்ட்டு.”

என்ன மூளை என்று வியந்தார் ராமகிருஷ்ணன். மூன்று மணிக்குக் கிளம்புவது என்று முடிவானது.

சரியாக மூன்று மணிக்கு வரிசைத் தட்டுகளோடு ஆம்னி வேன் லாட்ஜ் வாசலைவிட்டு நகர்ந்தது. தங்கம்மாள் மடியில் பூவும் பழமும். ராமகிருஷ்ணனே ஓட்டினார். பெரிய கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பௌர்ணமிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. மெதுவாகப் போகிறவன் கம்மி தூரம் போவான். வேகமாக வருகிறவன் ஜாஸ்தி தூரம் வருவான்.

வண்டி இரண்டாவது கியருக்கு வந்தது.

“ஏங்க, வண்டில என்ன கோளாறு?”

“ஒண்ணும் இல்ல. இன்ஜின் சூடாவுது.”

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்த பால்காரர் அவர்களை முந்திக்கொண்டு போனார். கிரிவலத்துக்கு வந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி, தோள்பையோடு நடந்தே வண்டியைத் தாண்டினார்கள். அந்தப் பெரியவர் ஜன்னல் பக்கம் குனிந்து, “தள்ளி விடணுமா?” என்று பரிவோடு கேட்டார். தங்கம்மாள் முகத்தைப் பூத்தட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பிரகாஷ்.

“மாமா, எங்க வந்துனு இருக்கீங்க?”

“வந்துட்டே இருக்கேன் மாப்ள. ட்ராஃபிக்.”

கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

“உங்க அப்பா எங்க வராரு?”

பிரகாஷின் குரல் இறங்கியது. “டிராக்டர்ல வராரு மாமா.”

“டிராக்டர்லயா?”

“கார் வாசல்லதான் நிக்குது. எவ்வளவோ சொல்லிட்டேன். அதுலயும் உழுவுற கியர்ல போட்டு ஓட்றாரு. நானும் வினோவும் பின்னாடி பைக்குல வரோம். அவ்ளோ மெதுவா ஓட்டினா பைக்கு நேரா நிக்க மாட்டேங்குது, சாயுது.”

ராமகிருஷ்ணனுக்கு ஆத்திரமாக வந்தது. தன்னைவிடக் கெட்டிக்காரனாக ஒருவன் இருப்பது அவருக்குப் பிடிக்காது. வண்டியை ஓரம் கட்டி இளநீர் வாங்கிக் கொடுத்தார். அடுத்தது நுங்கு. பிறகு வெள்ளரிப் பிஞ்சு. தங்கம்மாள் கல்யாணமான நாளாகக் கேட்டும் கிடைக்காத உபசாரம் எல்லாம் அந்த ஒரு சாலையில் கிடைத்தது. தட்டில் இருந்த மல்லிகைப் பூ வாட ஆரம்பித்தது.

“போதுங்க. வயித்துல எடம் இல்ல. பொழுது எறங்குது பாருங்க” என்றாள் அவள். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

சோமாசிபாடிக்கு அருகே வந்தபோது தூரத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. டிராக்டர். ராமகிருஷ்ணன் பிரேக்கை மிதித்தார். அங்கே டிராக்டரும் நின்றது.

இருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நடுவில் இன்னும் ஒரு கூப்பிடு தூரம் பாக்கி இருந்தது. அந்தத் தூரத்தை யார் கடப்பது என்று ஏழுமலை சொல்லவில்லை.

இவர் ஹாரன் அடித்தார். அவர் ஹாரன் அடித்தார். இவர் கையை அசைத்து வா என்றார். அவர் கையை அசைத்து வா என்றார். அந்த வழியாக வந்த பஸ்ஸின் டிரைவர் இருவருக்கும் பொதுவாக ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வண்டிக்கும் நட்டநடுவில் ஒரு புங்கமரம். மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்ட டீக்கடை. வாசலில் ஒரு நீள பெஞ்சு.

டிராக்டருக்குப் பின்னாலிருந்து வினோதினி இறங்கி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்துபோய், சொந்த வீட்டுக் கூடத்தில் உட்காருவதுபோல அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். மிட்பாயிண்ட்டும் வேண்டாம், எந்தப் பாயிண்ட்டும் வேண்டாம் என்று ஆகிவிட்டது ராமகிருஷ்ணனுக்கு. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தார். நடக்கத் தொடங்கியவர் கொஞ்சத்தில் ஓடினார். தட்டோடு தங்கம்மாள் பின்னால் வந்தாள். அந்தப் பக்கம் சக்திவேலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு டிராக்டரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். மருமகள் அழுவதை அவரும் பார்த்திருந்தார்.

“எளச்சிட்டியேம்மா” என்றார் ராமகிருஷ்ணன்.

“இல்லப்பா, ரெண்டு கிலோ ஏறிட்டேன்” என்று அழுதுகொண்டே சிரித்தாள் வினோதினி.

பெஞ்சின் இந்தக் கோடியில் ராமகிருஷ்ணன் உட்கார்ந்தார், அந்தக் கோடியில் சக்திவேல். நடுவில் பிள்ளைகள் இருவரும். தட்டைப் பிடித்துக்கொண்டு தங்கம்மாள் நின்றாள். கடைக்காரி பாஞ்சாலை யாரையும் எதுவும் கேட்காமல் வினோதினி கையில் இஞ்சி டீயைக் கொடுத்தாள். பிரகாஷுக்குச் சர்க்கரை கம்மியாக ஒன்று. ஆளைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாளே, லாட்ஜுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார் ராமகிருஷ்ணன்.

“லிஃப்டை சரி பண்ணிட்டேன் சம்பந்தி” என்றார் மெதுவாக.

“வடைக்கு ஆள் மாத்திட்டேன் சம்பந்தி” என்றார் சக்திவேல்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தங்கம்மாள் தட்டைக் கணவர் கையில் கொடுத்தாள். ராமகிருஷ்ணன் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“குடுங்க” என்றார் சக்திவேல்.

“வாங்கிக்குங்க.”

“வரிச குடுக்கறவங்கதான் எழுந்து வந்து குடுக்கணும்.”

“வாங்கறவங்கதான் கை நீட்டி வாங்கணும். நீங்க இந்த அளவுக்கு நகந்து வாங்க, நானும் இந்த அளவுக்கு வரேன். பெஞ்சுல மிட்பாயிண்ட்.”

“பெஞ்சுல எது மிட்பாயிண்ட்டு? உங்க பக்கம் ஒரு பலகை ஜாஸ்தியா இருக்குது.”

பிரகாஷ் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். பொழுது புங்கமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

“ஏழுமலையைக் கேட்டுடுவோம்” என்றார் சக்திவேல்.

“கேளுங்க. அவரு சொன்னா சரி.”

“அப்பா, அவரு வேணாம்ப்பா” என்று வினோதினி சட்டென்று எழுந்தாள். “நானே தட்டை மாத்தறேன், குடுங்க.”

“மாமா, அவரு தொழிலை விட்டுட்டாரு, பாவம், தொந்தரவு பண்ணக்கூடாது” என்று பிரகாஷும் எழுந்தான்.

அதற்குள் ராமகிருஷ்ணன் நம்பரை அழுத்திவிட்டார்.

புங்கமரத்தடியில், சூரியன் இறங்கும் நேரத்தில், ஒரு சேவல் கூவியது.

தங்கம்மாள் பழக்க தோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தினாள். சேவல் கொட்டகைக்குள்ளே இருந்து கூவிக்கொண்டிருந்தது. ராமகிருஷ்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். கட் செய்தார். சேவல் நின்றது. மறுபடி அழுத்தினார். மறுபடி கூவியது.

பாய்லருக்குப் பின்னால் தோளில் துண்டும், முண்டா பனியனுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வலது கைக் குவளை தலைக்கு மேலே இருந்தது, இடது கைக் குவளை இடுப்புக்குக் கீழே. நடுவில் டீ ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வேட்டி மடிப்பில் செருகிய செல்போனில் சேவல் கூவியது. இரண்டு கையிலும் குவளை இருந்ததால் அவரால் அதை நிறுத்த முடியவில்லை.

“ஏழுமலை...” என்றார் ராமகிருஷ்ணன்.

“வாங்க முதலாளி” என்றார் ஏழுமலை, குவளையை இறக்காமல்.

பாஞ்சாலை பெஞ்சின் முன்னால் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். “பத்து மணிக்கு வருவீங்கன்னுதானே காலைலயே இவரை வெளிய அனுப்பி வெச்சேன். இப்ப சாயங்கால யாவாரத்துல வந்து நின்னா நான் இன்னாங்க பண்றது?”

“அம்மா, நீங்க தரகர் வீட்டுக்காரம்மாவா?” என்று கேட்டார் சக்திவேல்.

“தரகரா? இவரு டீ மாஸ்டருங்க. இதுங்க ரெண்டும் செவ்வாக்கெழம தவறாம இதே பெஞ்சுல உக்காந்து, வீட்ல எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம என் டீயை ஆறப் போட்டுனு இருந்துச்சுங்க. பாக்கப் பொறுக்காம நான்தான் இவருக்கு வெள்ளச் சட்ட ஒண்ணு எடுத்துக் குடுத்து, ஜாதகத்தைக் கையில வெச்சி உங்க ரெண்டு வீட்டுக்கும் அனுப்பினேன்.”